குழி தோண்டும் முன்பே கேட்க வேண்டியவை

2013 ஜூலையில் தண்டையார்பேட்டை திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் போர் மோட்டாரைப் போட்டவர்கள் திகைத்துப் போனார்கள். தண்ணீரோடு எரிபொருளும் வந்தது. வாளியில் பிடித்த நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு எரிபொருள் கொண்டுவரும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்திருந்தது. குடிக்கவும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் உதவாத கிணற்றை வைத்துக்கொண்டு, மக்கள் மெட்ரோ வாட்டர் தண்ணீரை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் யார், எப்படிச் சுத்தம் செய்வது என்ற ஆய்வும் விவாதமும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

ஏன் இவ்வளவு காலம்? பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை. மண்ணுக்குள் இறங்கும் எரிபொருள் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் ஒரு படலமாகத் தங்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறும், கோடையில் அதனோடு இறங்கும். ஏறி இறங்கும் வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள பென்சீன் போன்ற பொருள்கள் நீரிலேயே கரைந்து பரவும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிபட வகைப்படுத்தியிருக்கிறது. ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்ட எண்ணெயை முழுவதுமாக வெளியே எடுப்பது மிகக் கடினம். அதனால்தான் குழாயோ, கிடங்கோ, எரிஉலையோ, மின்நிலையமோ வருவதற்கு முன்னால் எழுப்பும் கேள்விக்கு இருக்கும் பலம், வந்த பிறகு நடத்தும் போராட்டத்துக்கு இருப்பதில்லை. சட்டமும் இதே போக்கில்தான் அமைந்திருக்கிறது. எதிர்ப்பைச் சொல்ல அது வழி வைத்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வழிக்கும் நாள் குறித்திருக்கிறது. அந்த நாள்களைத் தெரிந்துகொள்ளாமல் நம் மக்கள் பல வழக்குகளில் நீதிமன்ற வாசலிலேயே தோற்றிருக்கிறார்கள்.

“மின்சாரம் வேண்டும், கேஸ் வேண்டும், ஆனால் எங்கள் தெருப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?” என்ற கேள்வியை வட சென்னைக்காரர்கள் அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். இதற்கு நேர்மையான பதில் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்படும்வரை ஓடியது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட். 2019 மார்ச்சில் எண்ணூரில் இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. 2024 மார்ச்சில் வட சென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றோடு மூன்று எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள், துறைமுகக் குழாய்கள், விடிய விடிய ஓடும் டேங்கர் லாரிகள். மாநிலத்துக்கே எரிபொருளும் மின்சாரமும் தரும் பகுதி இது. சுமக்க மாட்டோம் என்று இங்குள்ளவர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே சுமப்பவர்கள் தலையிலேயே அடுத்ததையும் ஏற்றுவதற்கு முன் கணக்குக் காட்டுங்கள் என்கிறார்கள். இது நியாயமான கோரிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லா அச்சமும் ஒரே எடை கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் வரும் துணை மின்நிலையத்தையும், தெருவுக்கு அடியில் ஓடும் கச்சா எண்ணெய்க் குழாயையும் ஒரே தராசில் வைக்க முடியாது. துணை மின்நிலையத்தில் கவனிக்க வேண்டியவை தீ, இரைச்சல், உயர் அழுத்தக் கம்பிக்கும் மாடிக்கும் உள்ள இடைவெளி, மழைநீர் தேங்கினால் வரும் மின்கசிவு. காந்தப்புலம் பற்றிய அச்சத்துக்கு இதுவரை கிடைத்திருக்கும் சான்று பலவீனமானது. மனுவில் பத்துப் பயங்களைக் கொட்டுவதைவிட, ஆவணத்தோடு நிறுவக்கூடிய மூன்றை எழுதினால் அதிகாரியால் அதைத் தள்ளிவிட முடியாது.

கருத்துக் கேட்புக் கூட்டம்

2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் ஒரு கூட்டம் நடந்தது. மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கமாக 660 மெகாவாட் அலகு கட்டும் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அது. மீனவர்களும் குடியிருப்போரும் திரண்டு வந்து, ஏற்கெனவே சாம்பலும் புகையும் நிறைந்த இடத்தில் இன்னொரு நிலக்கரி நிலையம் எதற்கு என்று எதிர்த்துப் பேசினார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து அந்த இடம் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

இப்படி ஒரு கூட்டம் நடப்பது யாரும் தரும் சலுகையால் இல்லை. 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விளம்பரம் தர வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி, மாவட்டத் தொழில் மையம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்திட வேண்டும்.

அந்தக் கடைசி விதியைத்தான் மக்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஆவேசமாகப் பேசிவிட்டு, சோற்று நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். டெல்லியில் திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் மேசைக்குப் போவது எழுத்தில் இருப்பது. உங்கள் பேச்சு குறிப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். பேச முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் பேச்சுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை விதியில் கிடையாது. ஆகவே ‘புறக்கணிக்கிறோம்’ என்று எல்லோரும் வெளியே நின்றால், உள்ளே பத்துப் பேரோடு கூட்டம் முடிந்ததாக எழுதிவிட முடியும். புறக்கணிப்பு ஒரு போராட்ட வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்து மனுவை உள்ளே கொடுத்துவிட்டுப் புறக்கணியுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் நிறுவனம் 7 நாளுக்குள் உள்ளூரில் பரவலாகப் படிக்கப்படும் இரண்டு நாளிதழ்களில் அதை அறிவிக்க வேண்டும். அதன் பின் கணக்கு வேகமாக ஓடும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை தீர்ப்பாயம் பொறுக்கலாம். 91ஆம் நாள் போனால், வழக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மேல்முறையீட்டுக் கதவு மூடிவிடும்.

குழாய்க்குக் கூட்டம் கிடையாது

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேட்டு மக்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. அதே 2006 அறிவிக்கைப்படி, எண்ணெய், எரிவாயுக் குழாய்ப் பாதை தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழலியல் கூருணர்வுப் பகுதி போன்றவற்றின் வழியே போனால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் தெருவுக்கு அடியில் போனால் தேவை இல்லை. பவளப்பாறைக்கு உள்ள பாதுகாப்பு பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்ற இந்த ஓட்டை சட்டத்தின் பெருங்குறை. அதை மாற்றச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். அதுவரை வேறு வழிகளைப் பயன்படுத்த வேண்டியதுதான்.

குழாய் உங்கள் பட்டா நிலத்தின் வழியே போவதானால் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப் பாதைகள் சட்டம் பொருந்தும். நிலத்தின் உரிமை உங்களிடமே இருக்கும். அடியில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர் உங்களை அழைத்து விசாரிக்க வேண்டும். உரிமை எடுக்கப்பட்ட பிறகு குழாய் போகும் நிலப்பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. இதற்கான இழப்பீடு, அறிவிக்கை நாளில் நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், கட்டடச் சேதத்துக்கான தொகை தனி. போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். சென்னை போன்ற ஊரில் இந்த 10 சதவீதம் அநியாயமான தொகை என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

அந்த 21 நாள் எவ்வளவு முக்கியம் என்பதை மேற்கு மாவட்டங்கள் கற்றுத்தந்தன. கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்ட விளைநிலங்களின் வழியே சுமார் 310 கிலோமீட்டர் போவதாகத் திட்டமிடப்பட்டது. விவசாயிகள் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார்கள். 2013இல் மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்று பணியை நிறுத்தச் சொன்னது. இருந்தும் அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. மத்திய சட்டத்தின்படி நடைமுறைகள் முடிந்துவிட்ட ஒன்றை மாநில அரசே நிறுத்தப் பார்த்தும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

குழாய் சாலைக்கு அடியில் போனால் 1962 சட்டத்தின் ஆட்சேபம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் சாலையை வெட்ட மாநகராட்சியின் அல்லது நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். காசிமேட்டுக் கடலோரப் பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும். வார்டு கவுன்சிலரிடம் சாலை வெட்டு அனுமதியின் நகலைக் கேளுங்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் கேள்வியைப் பதிவு செய்யுங்கள்.

மக்கள் வாழும் இடத்திலிருந்து ஆபத்தை நகர்த்தவே முடியாது என்பதும் உண்மை இல்லை. 2019 பிப்ரவரி 10 அன்று திருப்பூரில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த திட்டங்களில் இரண்டு வட சென்னையைச் சேர்ந்தவை. ஒன்று, துறைமுகத்திலிருந்து மணலி ஆலைக்கு, கூடுதல் பாதுகாப்பு வசதிகளோடு போடப்பட்ட புதிய கச்சா எண்ணெய்க் குழாய். இன்னொன்று, தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு மாற்றாக எண்ணூரில் கட்டப்பட்ட பாரத் பெட்ரோலியத்தின் 1,00,000 கிலோலிட்டர் கொள்ளளவுள்ள முனையம். தண்டையார்பேட்டைக்கு இது ஆறுதல். எண்ணூர்க்காரருக்கு இதுவே புதுக் கவலை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கொடுங்கையூர் எரிஉலை

இப்போது கண்முன் நிற்கும் கேள்வி கொடுங்கையூர். அந்தக் குப்பைமேடு மாநகராட்சியின் 4ஆவது மண்டலமான தண்டையார்பேட்டை மண்டலத்தில்தான் இருக்கிறது. அங்கே நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. 2025 மே மாதம் வட சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதை எதிர்த்து மனிதச் சங்கிலி அமைத்தன. வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, தண்டையார்பேட்டை மக்கள் பல பத்தாண்டுகளாக அந்தக் குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்தவர்கள். குப்பை மலை கரையப்போகிறது என்ற நம்பிக்கை வந்த நேரத்தில், அதே இடத்தில் புகைபோக்கி என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபத்தோடு சில கேள்விகளும் கையில் இருக்கட்டும். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் கழிவு. ஈரம் மிகுந்த குப்பை தானாக எரியாது. அதை எரிக்கவே வெப்பம் செலவாகும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பமுள்ள கழிவைத்தான் ஆற்றல் எடுக்கப் பயன்படுத்தச் சொல்லின. ஆகவே முதல் கேள்வி: நம் மண்டலத்துக் குப்பையின் வெப்ப மதிப்பை எப்போது, எந்தப் பருவத்தில், யார் அளந்தார்கள்? அந்த ஆய்வறிக்கை எங்கே? இரண்டாவது கேள்வி டையாக்சின் பற்றியது. பிளாஸ்டிக் கலந்த குப்பை குறைந்த வெப்பத்தில் எரியும்போது உருவாகும் கொடிய நஞ்சு அது. புகைபோக்கியில் அதற்கான வரம்பை ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.1 நானோகிராம் என்று அதே விதிகள் வகுத்தன. தூசியையும் கந்தக டையாக்சைடையும் கருவி வைத்து இடைவிடாமல் அளந்து இணையத்தில் காட்ட முடியும். டையாக்சினை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அளக்க முடியும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள், யார் முன்னிலையில் மாதிரி எடுப்பார்கள், முடிவை எங்கே ஒட்டுவார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை ‘நவீனத் தொழில்நுட்பம்’ என்ற சொல்லுக்கு நான் மதிப்புத் தர மாட்டேன்.

டெல்லியின் ஓக்லா நமக்கு நல்ல எச்சரிக்கை. சுக்தேவ் விகார் குடியிருப்பை ஒட்டி வந்த குப்பை எரிஉலைக்கு எதிராக மக்கள் 2009இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்க, 2012இல் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறி, 2017 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பு வந்தது. ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்த தீர்ப்பாயம், நிபந்தனைகளோடு அது தொடர்ந்து இயங்கவும் அனுமதித்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டி முடித்ததை மூடச்சொல்ல எந்த நீதிமன்றமும் தயங்கும். பொதுத் திடக்கழிவு வசதிகள் 2006 அறிவிக்கையின் அட்டவணையில் இருப்பதால், கொடுங்கையூரில் முன் அனுமதியின் ஒவ்வொரு படியையும் இப்போதே தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவை

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. மறுநாளே தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில் பராமரிப்புப் பணியின்போது வெடிப்பு; ஒரு தொழிலாளி இறந்தார்.

அபாயகரமான ரசாயனங்கள் தொடர்பான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, பெரும் விபத்து அபாயமுள்ள நிறுவனம் தன் மதிலுக்கு வெளியே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு, என்ன விபத்து நேரலாம், நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத் தெரிவித்தாக வேண்டும். மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 41பி பிரிவும் அக்கம்பக்கத்து மக்களுக்குத் தகவல் சொல்வதை நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு துண்டறிக்கையாவது வந்திருக்கிறதா? ஒத்திகை நடந்திருக்கிறதா? இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஆட்சியருக்கும் எழுதிக் கேளுங்கள். இது எதிர்ப்புக்கூட இல்லை, சட்டப்படி உங்களுக்குத் தர வேண்டிய தகவல்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல கருவி. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் அனைத்தும் அதற்குள் வரும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் பற்றிய தகவலென்றால் 48 மணி நேரத்தில். பொத்தாம்பொதுவாக ‘குழாய் பாதுகாப்பானதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒரு வரி வரும். எந்த ஆண்டு பதித்தது, குழாயின் விட்டமும் தகட்டுத் தடிமனும் எவ்வளவு, கருவியை உள்ளே அனுப்பித் தேய்மானம் பார்க்கும் ‘இன்டெலிஜென்ட் பிக்கிங்’ கடைசியாக எப்போது நடந்தது, துருப்பிடிக்காமல் காக்கும் கத்தோடிக் பாதுகாப்பின் அளவீடு என்ன, ஓட்டத்தை நிறுத்தும் வால்வுகள் எங்கெங்கே உள்ளன என்று பிரித்துக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது அதையும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஆந்திராவின் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று கெயில் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாயின் தேய்மானத்தைப் பற்றிக் கேட்பது வீண் பயம் என்று யாரேனும் சொன்னால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.

கசிந்துவிட்டால்

போர் தண்ணீரில் எண்ணெய் நெடி வந்தால் மோட்டாரை மீண்டும் போடாதீர்கள். சுவிட்சில் எழும் சிறு பொறியே தீ வைக்கும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாக்கடை, சம்ப், தாழ்வான அறைகளில் தேங்கும். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் தரையோடு பரவிய ஆவி மேகம் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுப்பை அணைத்து, வண்டியைக் கிளப்பாமல், காற்று வரும் திசை நோக்கி விலகிப் போங்கள். 112க்கும், குழாய்ப் பாதைக் குறிக்கல்லில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் சொல்லுங்கள்.

உயிர் பத்திரம் என்றானதும் சான்றுகளைச் சேருங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் நீரை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள், தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் வந்து அதிகாரபூர்வமாக மாதிரி எடுக்கும்படி எழுத்தில் கோருங்கள். அந்த மாதிரிதான் வழக்கில் நிற்கும். மருத்துவச் சீட்டு, தண்ணீர் வாங்கிய ரசீது, வேலை இழந்த நாள் எல்லாம் கோப்பில் சேரட்டும்.

யார் பொறுப்பு என்பதில் நம் நீதிமன்றங்கள் குழப்பம் வைக்கவில்லை. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல், அபாயகரமான தொழில் நடத்துபவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தேன் என்று சொன்னாலும் பாதிப்புக்கு முழுப்பொறுப்பு என்றது. 1996இல் நம் வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் மண்ணை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக 5 ஆண்டு அவகாசம் உண்டு. மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம்தான். சாதாரண மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அமர்வு நடப்பது சேப்பாக்கம் கலச மகாலில், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் போய்விடலாம். விபத்தில் காயமோ, உயிரிழப்போ, சொத்துச் சேதமோ நேர்ந்தால், 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் 5 ஆண்டுக்குள் ஆட்சியரிடம் உடனடி நிவாரணம் கேட்கலாம்; யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

வழக்கு என்றாலே பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டோருக்கும் அரசு இலவச வக்கீல் தர வேண்டும். அழைக்க வேண்டிய எண் 15100.

தெருவில் இறங்கும்போது

அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் தந்த உரிமை. சென்னையில் பொதுக்கூட்டம், ஊர்வலத்துக்கு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி 5 நாள் முன்பே காவல் துறையிடம் மனுக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். மனுவின் ஒப்புகையும், மறுத்தால் எழுத்திலான காரணமும் வாங்குங்கள். காரணம் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். கூடங்குளத்தில் போராடிய ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு வரை போட்டார்கள். அணு உலைக்கு அனுமதி அளித்த 2013 மே 6 தீர்ப்பிலேயே அந்த வழக்குகளைத் திரும்பப்பெற முயலும்படி உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. இளைஞர்களின் வேலையும் பாஸ்போர்ட்டும் இப்படிப்பட்ட வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே அனுமதி வாங்கி, தலைமை யார் என்று முடிவு செய்து, கல்லெறிய வருபவனை உங்கள் கூட்டத்திலிருந்து நீங்களே விலக்கி நடத்துங்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். மருத்துவ முகாம், தையல் இயந்திரம், பள்ளிக்கு பெஞ்ச் என்று நிறுவனத்திடமிருந்து எது வந்தாலும் வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் வெற்றுத் தாளிலும், தலைப்பு இல்லாத வருகைப் பதிவிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன கூட்டம், எந்தத் தேதி, எதற்காகக் கையெழுத்து என்பது மேலே எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ எண்ணெய் நிறுவனத்தின் குறிக்கல் இருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள். இருந்தால் அதில் உள்ள எண்ணைக் குறித்துவைத்து, குழாயின் வயதையும் கடைசிச் சோதனைத் தேதியையும் கேட்டு இந்த வாரமே 10 ரூபாய் விண்ணப்பத்தை அனுப்புங்கள். பதில் வந்ததும் அதை நகலெடுத்து தெருவில் எல்லோருக்கும் கொடுங்கள்.